கை இல்லாத மிஷின்

என் தங்கை சீதாலெட்சுமி ஒரு மிஷினுக்கு அர்ச்சனை செய்தவள். சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

அவள் புருஷன் ரெங்கசாமி முக்குளிப்பவன். மலேசியாவில், கிள்ளான் கடலோரத்து மின் நிலையம் ஒன்றில், கடல் தண்ணீரை உறிஞ்சும் பெரிய குழாய்களுக்குள் இறங்கி, சிப்பி அடைத்திருக்கிறதா, இரும்பு அரித்திருக்கிறதா என்று பார்த்து வருவான். நான் மேலே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பேன். தண்ணீர் புகுந்து புகுந்து அவனுக்குக் காது பாதி போய்விட்டது. அவன் பெண்டாட்டியிடம் குசுகுசுப்பது எதிர் வீட்டுக்குக் கேட்கும்.

அவன் இறங்கும் நாளெல்லாம் தங்கைக்குச் சோறு இறங்காது. தொண்ணூற்று நான்கில், குத்தகை முதலாளி சோமசுந்தரம் சிங்கப்பூரிலிருந்து கேமரா வைத்த நீர்மூழ்கி ரோபோவை வரவழைக்கிறார் என்று கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நேரே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போனாள். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேரு ரோபோ, சாமி. நட்சத்திரம் எங்க வீட்டுக்காரரோடதையே சொல்லிக்குங்க."

"அடி கூறுகெட்டவளே, இரும்புக்கு ஏதடி ஆயுசு?" என்றேன்.

"அது நல்லா இருந்தாத்தானண்ணே இவரு கரையில இருப்பாரு."



வந்த வாரமே அந்தச் சனியன் குழாய்க்குள் சிக்கிக்கொண்டது. உள்ளே உடைந்து தொங்கிய இரும்புக் கிராதியில் அதன் கேபிள் மாட்டிவிட்டது. முதலாளி ரெங்கசாமியைப் பார்த்தார்.

"கொஞ்சம் இறங்கி எடுத்துக் குடு லா. வாடகை மிஷின்."

ஆள் இறங்கக் கூடாதென்று வந்த மிஷினை மீட்க ஆள் இறங்க வேண்டுமாம். நான் ரெங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் மாப்ள. தொணைக்கு இன்னொரு ஆளு வரட்டும்."

"பக்கந்தான் மச்சான், போயிட்டு வந்துர்றேன்" என்று முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

கேபிளை விடுவித்தான். இழுத்தோம், மிஷின் வந்தது. அவன் வரவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வேறு முக்குளிப்பவர்களைக் கூப்பிட்டோம். ஃபெடரல் ஹைவேயில் ஜாம். மிஷினை உள்ளே அனுப்பி அவனைத் தூக்கச் சொல்லி, அதை ஓட்ட வந்திருந்த சிங்கப்பூர்க்காரரின் சட்டையைப் பிடித்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"இதுக்குக் கை இல்ல அண்ணே. பாக்க மட்டுந்தான் முடியும்" என்றார். பார்க்கவாவது அனுப்பினார்.

மிஷினின் கேமராப் படம் ஓடிய டிவியில் ரெங்கசாமி தெரிந்தான். பெயர்ந்து விழுந்த கிராதி அவன் இடுப்பை அழுத்திக் கிடந்தது. மிஷினின் விளக்கைக் கண்டதும் கையை ஆட்டினான். ஆள் வந்துவிட்டதென்று நினைத்திருப்பான். பாவி, உன்னை வேடிக்கை பார்க்கத்தானடா வந்திருக்கிறோம்.

யாரோ மோட்டார் சைக்கிளில் போய்ச் சீதாலெட்சுமியை அழைத்து வந்தபோது, அந்தக் கை ஆடுவதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. நான் டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். அழவில்லை. சிங்கப்பூர்க்காரர் மிஷினை வெளியே எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க சார்" என்றாள். "அந்த வெளக்கு அங்கயே இருக்கட்டும். அவரு இருட்டுல தனியா இருப்பாரு."

ஆட்கள் வந்து இறங்கும்வரை மிஷினை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தோம்.