மூன்று கைத் தண்ணீர்

மருத்துவச்சியின் கட்டைவிரல்கள் இரண்டும் அப்போதுதான் பிறந்த குழந்தையின் முதுகெலும்புக்கு இருபுறமும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. கம்பளித் துணியால் தேய்ப்பது, சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுச் சளியை வழிப்பது, தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டுவது, மறுபடி தேய்ப்பது என்று அந்தக் கைகளுக்கு ஓய்வே இல்லை. குழந்தை அழவில்லை. உதடு சிப்பியின் உட்புறம் போல நீலம் பாய்ந்திருந்தது. எப்போதாவது நெஞ்சு வெடுக்கென்று உள்ளே இழுக்கும். பிறகு அசைவே இருக்காது. அடுத்த இழுப்பு வருமா என்று அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெந்நீர் வைத்துக் கொடுக்கத்தான் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி ஹார்ட்விக் கதவோரம் நின்றான். அவன் மனைவி பெர்னிலே கட்டிலில் வெளுத்துக் கிடந்தாள். நடுப்பகல்தான், நார்வேயின் வடகரைத் தீவுகளில் ஜனவரி நடுப்பகலுக்கும் விளக்கு வேண்டும். காற்று கூரைக் கற்களை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கரைக்குப் போய்ப் போதகரைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான் தம்பி.

"இந்தக் கடல்லயா? போயேன். பிள்ளைக்கு முன்னாடி உனக்குப் பெட்டி அடிக்கலாம். அதுக்கும் உடம்பு கரை ஒதுங்கணும்," என்றாள் மருத்துவச்சி, தலையை நிமிர்த்தாமலே.

அவள் பெயர் செவெரீனே. தீவில் என்னைவிட இளையவர்கள் எல்லோரையும் முதலில் தொட்டவை அந்தக் கைகள்தான். எந்தக் காற்றிலும் துடுப்புப் போட்டு வந்துவிடுவாள். கோவிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டாள். தொண்டை அடைப்பான் நோய் பரவிய வசந்தத்தில் அவளுடைய பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். அதற்குப் பிறகு, மற்றவர்கள் பலிபீடத்தின் முன் மண்டியிடும் நேரத்தில் அவள் வெளியே போய்ப் படகுக் கயிற்றைச் சரிபார்ப்பாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போதகர் வர முடியாத இடத்தில் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் வழக்கம். செவெரீனேவும் கொடுத்திருக்கிறாள், தொப்புள்கொடி வெட்டுவது போல அதையும் ஒரு வேலையாக. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் தென்முனை வீடொன்றில் ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லி முடித்ததும் குழந்தை அவள் கையிலேயே அடங்கிவிட்டது. "நீங்க சொன்னது ஆண்டவருக்குக் கேட்டிருக்கும் இல்லையா?" என்று தாய் கேட்டிருக்கிறாள். அன்று பிடித்த பயம் அவளை விடவில்லை. நம்பாத வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தை எங்கே போய்ச் சேரும்? ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகள் பாறையிடுக்கில் கிடந்து அழும் என்று கிழவிகள் சொல்வார்கள். பொய் என்று போதகர் சொன்னார். ஆனால் தம்பி வீட்டில் நின்ற அந்த நடுப்பகலில், காற்றில் அந்த அழுகை எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

இழுப்புக்கும் இழுப்புக்கும் இடைவெளி நீண்டது.

"ஹார்ட்விக், கிண்ணத்த எடு. நீ கொடு," என்றாள்.

"நானா? எனக்கு மீன் குடல் எடுக்கத்தான் தெரியும், அம்மா."

"ஞானஸ்நானம் வாங்கின யார் வேணாலும் கொடுக்கலாம். நான் சொல்லச் சொல்லச் சொல்லு."

அவன் கிண்ணத்தை எடுத்தான். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"உன்ன வெளிய இழுத்தப்பவும் இப்படித்தான்டா வாயப் பொளந்துகிட்டு வந்த!" என்று கடிந்தவள், என்னைப் பார்த்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"நீங்க ஏன் கொடுக்கமாட்டேங்கிறீங்க?" கட்டிலிலிருந்து பெர்னிலே கேட்டாள்.

"என் வாயில அது செல்லாதும்மா. நான் நம்பி ரொம்ப காலமாச்சு."

குழந்தையின் நெஞ்சு அசையவில்லை.

"நீங்க நம்புறீங்களான்னா கேட்டேன்?" என்றாள் பெர்னிலே. "தண்ணியில விழுந்தவனுக்குக் கயித்த வீசுறவங்க யாருன்னு பாக்க நேரமில்ல. மறுமுனையப் பிடிக்கிறது நீங்க இல்ல. வீசுங்க."

செவெரீனே கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"பேரு?"

"ஆமுந்த்," என்றான் தம்பி. கடலோடு போன எங்கள் அப்பாவின் பெயர்.

"ஆமுந்த், உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவின் நாமத்தில்," என்று ஒரு கைத் தண்ணீரைத் தலையில் விட்டாள். குரல் வழக்கம்போல உறுதியாக இருந்தது. "குமாரனுடைய..." என்றபோது அது உடைந்தது. இரண்டாவது கைத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து குழந்தையின் தலையில் இறங்கியது. அதன் பிறகுதான் "நாமத்தில்" என்று வந்தது. மூன்றாவது கைத் தண்ணீருக்குப் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னாள். முறைப்படி அத்தோடு முடிந்தது. அவள் முடிக்கவில்லை.

"ஆண்டவரே, என் பிள்ளைங்கள ஏன் கொண்டுபோனீங்கன்னு சாகுறவரைக்கும் கேப்பேன். ஆனா இவன விட்டுடுங்க. விட்டுடுங்க."

அந்த நேரத்தைப் பற்றிப் பல வருடங்கள் கழித்து, மீன் காயப்போடும் இடத்தில் வைத்து என்னிடம் சொன்னாள்: "வேலையா நெனச்சுச் சொன்னவரைக்கும், சொல்றப்ப எனக்குப் பயமே வந்ததில்ல, பொண்ணே. அன்னைக்குப் பயந்து செத்தேன். கெஞ்சிக்கிட்டிருக்கேன்னு பாதியிலதான் தெரிஞ்சுது. ஆளில்லாத வீட்டு வாசல்ல யாராவது நின்னு கெஞ்சுவாங்களா?"

தண்ணீர் விட்டதும் எதுவும் நடந்துவிடவில்லை. அவள் தலையைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். உதட்டோடு உதடு வைத்து ஊதினாள், தேய்த்தாள், ஊதினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடற்காக்கைக் குஞ்சு கத்துவது போல மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. காற்றென்றுதான் நினைத்தேன். மறுபடி கேட்டது.

ஹார்ட்விக் சிரித்துவிட்டான்.

"சிரிக்காத. கை கால் இன்னும் நீலமாத்தான் இருக்கு," என்றாள் செவெரீனே.

"பொழைப்பானா?" என்றாள் பெர்னிலே.

"தெரியாதும்மா. பொழுது விடியற வரைக்கும் தாங்குவானான்னுகூடத் தெரியாது. எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு. எத்தன நாளுன்னு சொல்றது நம்ம கையில இல்ல. இருக்கிறவரைக்கும் சூடா வெச்சுக்கிறதுதான் நம்ம வேலை."

ஈரத் துணியை உருவிவிட்டு, அடுப்பருகே சூடேறியிருந்த கம்பளியில் குழந்தையைச் சுற்றினாள். கட்டிலருகே போய்ப் பெர்னிலேயின் சட்டையை விலக்கி, நெஞ்சோடு நெஞ்சாக வைத்தாள்.

"தலையத் தாங்கிக்கோ," என்றாள். பெர்னிலேயின் உள்ளங்கை அந்தச் சிறு தலைக்கு அடியில் வந்து சேர்ந்த பிறகுதான் தன் கையை எடுத்தாள்.