பன்னிரண்டு வீட்டுக் கஞ்சி

பன்னிரண்டு தாள்களையும் டாக்டரம்மா ஜீப் பானெட்டின் மேல் வரிசையாகப் பரப்பினார். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளிஞ்சல். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. "குழந்தை நேற்று என்ன சாப்பிட்டது?" என்ற முதல் கேள்விக்குப் பன்னிரண்டிலும் ஒரே பதில்: கஞ்சித் தண்ணீர்.

"மரத்தடியில உக்காந்து நீயே எழுதிட்டியாப்பா?" என்றார்.

பிள்ளைகளே, அது எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் கைக்குழந்தைகளும் தளிர்நடைக் குழந்தைகளும் என்ன உண்கின்றன என்று கணக்கெடுக்க டாக்டரம்மா ஒரு படிவம் தயாரித்துக்கொண்டிருந்தார். அச்சுக்குப் போகுமுன் அதை வீடு வீடாகக் கேட்டுப் பார்ப்பது என் வேலை. எட்டாவது படித்த எனக்கு அது தற்காலிக வேலைதான். பொய் எழுதினான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு போயிற்று. நான் எழுதியதோ அவர்கள் சொன்னதைத்தான். அதை எப்படி நிரூபிப்பது? "வா, நானே கேக்கறேன்" என்று அவர் முன்னே நடக்க, பின்னால் போனேன்.

முதல் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "இன்னா துன்னும்? கஞ்சித் தண்ணிதாம்மா." அவள் தோளைப் பிடித்து நின்ற குழந்தையின் மோவாயில் மீன் துணுக்கு ஒட்டியிருந்தது. டாக்டரம்மா பார்ப்பதைக் கண்டதும் முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை நன்றாகத் தின்கிறது என்று வெளியாளிடம் எந்தத் தாய் சொல்வாள்? கண் பட்டுவிடாதா?

தாளை மடித்துப் பையில் வைத்தேன். "எக்கா, எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு. சோறே எறங்க மாட்டேங்குது. இன்னா குடுக்கறது?"

அவள் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "ஏன்யா, கிழங்கான் மீனு கெடைக்கலியா உனுக்கு? அவிச்சி, முள்ளெடுத்து, சோத்துல பெசஞ்சி குடு. இத்தப் பாரு, காலைல ரெண்டு மீனு துன்னுட்டு இன்னும் கேட்டுக்கினு நிக்குது."

"ஆம்பளைக்குச் சொல்றியே, அவுரா பெசையப் போறாரு?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். சிரித்த கையோடு, தன் பையனுக்கு இறால் ஊட்டும் கதையையும் தொடங்கிவிட்டாள். டாக்டரம்மா நின்றபடியே முதல் கேள்வியை அடித்துவிட்டு, "அடம்பிடிக்கும் குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று எழுதினார். என் வேலை தப்பியது.

ஜீப்பில் ஏறியதும் கேட்டார்: "உன் பொண்ணு நெஜமாவே சாப்பிட மாட்டாளா? நேத்து என்ன சாப்பிட்டா?"

ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டவன் என் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

என்ன சாப்பிட்டீர்கள் என்று இன்று நான் தினமும் குடைவதாகச் சலித்துக்கொள்கிறீர்கள். அன்று சாயங்காலம்தான் உங்கள் அம்மாவிடம் முதன்முதலாகக் கேட்டேன். "இன்னாத்துக்கு இன்னிக்குப் புச்சா கேக்குற?" என்று, வெளியாளைக் கண்டதுபோல் உங்கள் அக்காவை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவள் பதில் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.