போர்வை இல்லாத தளபதி

அவரை எங்கள் கூட்டத்தில் எல்லோரும் பல்செட் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல்தான், தொழிலால் வந்த பெயர் அது. பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து அதற்குத் தகுந்த பல்செட்டைச் செய்து கொடுப்பார். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மேசை நிறைய வெள்ளை பிளாஸ்டரில் வார்த்த வாய்கள் இளித்துக்கொண்டிருக்கும். யார் முகமும் அவருக்குத் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். "இந்த ஆளு தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாரு மேடம், எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க" என்று ஒரு முறை ஒரு வாயைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். நான் டீயும் கையுமாக நின்ற நேரம். அதைக் கீழே வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசச் சொன்னேன்.

நான் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் தன் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே பொம்மைப் போர் ஆட ஆரம்பித்தார். அவருக்கு எந்த ஆசையும் நாலு மாதத்துக்கு மேல் தாங்காது. அவர் விட்டுவிட்டார், கூட்டம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பக்கவாட்டுப் படியில் ஏறி வந்துவிடுவார்கள். தொட்டுச்சு, தொடல என்று ஒரே கூச்சல். ஞாயிறுதான் எனக்குக் கடையில் வியாபாரம் நடக்கிற நாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேலே போய், விதிப் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்து, தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நான்தான் நடுவர். சம்பளம் கிடையாது, முணுமுணுப்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டைவிரல் உயரப் பொம்மைகள்தான் படை. அளவு நாடா பிடித்து நகர்த்துவார்கள், பகடை உருட்டி அடித்துக்கொள்வார்கள். படையில் முக்கால்வாசிப் பேர் பெயரில்லாத சிப்பாய்கள். தளபதி, மந்திரவாதி, கொடி பிடிப்பவன் என்று சிலருக்கு மட்டும் மந்திரப் பொருள் கொடுக்கலாம். வாள், கவசம், மோதிரம், இந்த மாதிரி. ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு, மொத்தத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். இங்கேதான் ஆண்பிள்ளைகள் திணறுவார்கள். வாள் எடுத்தால் கவசம் போகிறதே, கவசம் எடுத்தால் வாள் போகிறதே என்று மணிக்கணக்கில் மோவாயைத் தடவிக்கொண்டிருப்பார்கள். என் கடையில் நீலமா பச்சையா என்று நிற்கிற புருஷன் பெண்டாட்டிகளே தேவலை.

யார் எதை எடுத்தார் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது. முதலில் சீட்டில் எழுதி வைத்தார்கள். எட்டிப் பார்க்கிறான் என்று அதற்கும் சண்டை வந்தது. அதனால் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து என் காதில் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. அந்தப் பொருளுக்கு வேலை வருகிறவரை நானும் வாய் திறக்க மாட்டேன்.

பல்செட்டுக்கு எதிராளி என்றால் ஒருவன்தான். அவர் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவனிடம் ஒரு டிராகன் உண்டு. முதல் சுற்றிலேயே அதைப் பறக்கவிட்டு, பல்செட்டின் தளபதி மேல் நெருப்பைக் கக்க வைப்பான். பல்செட்டின் தளபதியோ நெருப்புப் போர்வை போர்த்தியிருப்பான். எந்த நெருப்பும் அவனை ஒன்றும் செய்யாது.

"போர்வை, மாப்ள."

"தெரியும் அத்தான்."

அதற்குப் பிறகுதான் நிஜ ஆட்டம் தொடங்கும். வாராவாரம் இதே கூத்து. மற்றவர்கள் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், இவர்களுக்கு இது. போர்வை மட்டும் இல்லை. வேன்காரன் முன்வரிசையில் ஒளித்துவைக்கிற கொலையாளிக்காக ஒரு மோதிரம், அவனுடைய மந்திரவாதியின் வாயை அடைக்க ஒரு தாயத்து என்று எல்லாமே அந்த ஒருவனுக்காக எடுத்ததுதான். ஒருவர் வாய்க்குச் செய்த பல் இன்னொருவர் வாயில் ஏறாது, பல்செட்டுக்குத் தெரிந்த தொழிலே அது. மற்றவர்களோடு ஆடினால் அடி வாங்குவார். மாப்பிள்ளையோடு சரிக்குச் சரியாக ஆடுவார். அது போதும் என்று சந்தோஷமாக இருந்தார்.

இந்தச் சந்தோஷம் பல்செட்டின் மனைவி விஷயத்தில் கெட்டது. அவள் எனக்கும் வேண்டியவள், என் கடையில் திரைச்சீலை தைக்கிறவள். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு சாயங்காலம் நிலைமை மோசமாகிவிட்டது. தம்பிக்குப் போன் பண்ணினார்கள். அவன் வேன் நிறையப் பிள்ளைகளோடு நடுவழியில் இருந்தான். சின்னஞ்சிறுசுகளை ரோட்டில் இறக்கிவிட முடியுமா? வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் ஓடி வந்தபோது அம்மா போய்விட்டார்.

அக்கா அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "ஊரான் வீட்டுப் பிள்ளைங்கதான் உனக்கு முக்கியமாப் போச்சு. பெத்தவ கடைசியா முகம் பாக்க உனக்குக் குடுத்து வைக்கல."

துக்கத்தில் வந்த பேச்சுதான். ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. எல்லாம் முடிந்ததும் போனவன், பிறகு அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போனை எடுக்கவில்லை. அக்கா உட்கார்ந்திருக்கிற கடைக்கு மேலே இருப்பதால் எங்கள் மாடிக்கும் வரவில்லை.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "வந்தா வரட்டும், நான் ஒண்ணும் போய் வெத்தல பாக்கு வச்சு அழைக்க மாட்டேன்" என்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷினுக்கு உறை போடும்போது, "மேல இன்னிக்கு யார் யாரு வந்தாங்க மேடம்?" என்று கேட்காமல் போகமாட்டாள். நான் ஒவ்வொருவராகச் சொல்லுவேன். கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டு, "சரி" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மேலே பல்செட் கதை அதைவிட மோசம். எதிரில் யார் நின்றாலும் இவர் என் காதில் வந்து சொல்வது ஒன்றே ஒன்று: தளபதிக்கு நெருப்புப் போர்வை. மருந்துக்கடைக்காரர் படையில் நெருப்பே கிடையாது. தபால்காரர் படையில் எல்லாம் அம்பு. போர்வை என்ன செய்யும்? புள்ளியெல்லாம் அதில் போய்விட, தளபதி வெறும் கத்தியோடு போய் அடிபட்டுச் சாவான். வருஷப் போட்டியில் கடைசியாக வருகிறவர் அடுத்த போட்டிவரை அறையைப் பெருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. தொடர்ந்து இரண்டு வருஷம் இவர்தான் விளக்குமாறும் கையும்.

"அந்தப் போர்வையைத் தூக்கிப் போடுங்க சார்" என்று நான் சொல்லாத வாரமில்லை.

"திடீர்னு அவன் வந்துட்டா?" என்பார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வராதவனுக்காக வந்தவர்களிடம் தோற்கிற மனுஷனை என்ன செய்வது? சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது.

இந்த வருஷப் போட்டிக்கு முந்தின நாள் மருந்துக்கடைக்காரர் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டார். ஒற்றைப்படை ஆளோடு போட்டி நடத்த முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டு வேன்காரனுக்குப் போன் போட்டேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை, எடுத்தான்.

"ஆள் குறையுது. வர்றியா?"

"பாக்கறேன் மேடம்."

பாக்கறேன் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? அதனால் நான் அக்காவிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. சொல்லி அவன் வராமல் போனால் அந்த இரண்டு முகத்தையும் யார் பார்ப்பது?

மறுநாள் பல்செட்தான் முதலில் வந்தார். பொம்மைகளைப் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிவிட்டு என் பக்கம் வந்து குனிந்தார். "தளபதிக்குப் புயல் வாள்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "போர்வை?"

"வேண்டாம் மேடம். போதும்."

நான் கேட்டுக் கேட்டு அலுத்த வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். எனக்கு அதில் துளி சந்தோஷம் வரவில்லை. நேற்றுப் போன் பண்ணியதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வருவானோ மாட்டானோ என்று விழுங்கிக்கொண்டேன்.

மற்றவர்களும் வந்து காதில் சொல்லி முடித்துவிட்டார்கள். பக்கவாட்டுப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேன்காரன் ஷூ டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். மெலிந்திருந்தான், முன்நெற்றியில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்து காதில் தன் பொருள்களைச் சொன்னான். அப்புறம்தான் அத்தான் பக்கம் திரும்பினான்.

"நல்லா இருக்கீங்களா அத்தான்?"

"இருக்கேன் மாப்ள" என்றார் பல்செட். உடனே எழுந்து என்னிடம் வந்தார். "மேடம், ஒண்ணே ஒண்ணு மாத்திக்கறேன்."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

அவர் இன்னும் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றைக்கு இவருக்காக வளைத்தால் நாளைக்குத் தபால்காரருக்காக வளைக்க வேண்டும். அதற்கு நடுவர் எதற்கு, பேசாமல் கீழே போய்த் துணி கிழிக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே மேசை, எதிரெதிர்ப் பக்கமாக விழுந்தது. பல்செட் தன் தளபதியைப் பின்வரிசையில், மேசையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன அத்தான், தளபதி வீட்டுக்குக் கிளம்பிட்டாரா?" என்று வேன்காரன் சிரித்தான். பல்செட்டும் சிரிக்கப் பார்த்தார்.

முதல் சுற்று பகடையில் அவனுக்கே விழுந்தது. டிராகனைத் தூக்கினான். பறக்கிற ஜந்துவுக்கு முன்வரிசை என்ன, பின்வரிசை என்ன? தளபதிக்கு நேர் எதிரே இறக்கினான். "நெருப்பு. சரி, போர்வை" என்று அவனே சொல்லிக்கொண்டு, அடுத்த வேலைக்கு அளவு நாடாவை எடுக்கப் போனான்.

"உருட்டு மாப்ள" என்றார் பல்செட்.

"எதுக்கு?"

"உருட்டு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். உருட்டினான். நல்ல எண்ணாக விழுந்து தொலைத்தது. பல்செட் தளபதியை எடுத்து மேசைக்கு வெளியே வைத்தார்.

வேன்காரனுக்கு ஜெயித்த முகமே இல்லை. "போர்வை எங்க அத்தான்?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையிலதான்." பல்செட் அவன் முகத்தைப் பார்க்காமல் சிப்பாய்களை நேராக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா வச்சிருந்தேன் மாப்ள. நீ இனிமே வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. கீழே தையல் மெஷின் சத்தமும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. வேன்காரன் சிரித்தபோதே நின்றிருக்கும் என்று பிறகு தோன்றியது. எங்கள் தரை பலகைத் தரை, மேலே தும்மினால் கீழே கேட்கும்.

அவன் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "அக்காவும் அப்படி முடிவு பண்ணிடுச்சா?"

"அவ இன்னும் பண்ணல" என்றார் பல்செட்.

வேன்காரன் பகடையை மேசைமேல் வைத்தான். ஆட்டத்தின் நடுவே மேசையை விட்டுப் போகிறவன் தோற்றவன் என்று விதி இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். வந்த வழியை விட்டுவிட்டு, கடைக்குள் இறங்குகிற உள்படிப் பக்கம் போனான். என் கடை, நான் போகாமல் இருக்க முடியுமா? பின்னாலேயே இறங்கினேன். பாதிப் படியில் நின்றுகொண்டேன்.

அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடி நிறையத் துணி. எழுந்திருக்கவில்லை. அவன் கடைசிப் படியில் நின்றான். "பிள்ளைங்கள எங்கேயாவது இறக்கிவிட்டுட்டு வந்திருக்கணும் அக்கா. எனக்கு அப்பத் தோணல."

"எப்படி விடுவ?" என்றாள் அவள். "வழி தெரியாத பிள்ளைங்க."

கண்ணைத் துடைக்க மடியில் இருந்த வாடிக்கையாளர் துணியைத்தான் எடுத்தாள். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"வேனை எங்க நிறுத்தியிருக்க?" என்று கேட்டாள்.

"பின்னால சந்துல."

"நான் பாத்துடக் கூடாதுன்னா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போய் முன்னால கொண்டாந்து நிறுத்து" என்றாள் அக்கா. "கடை சாத்தினதும் மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்."