கேப்டனைக் காக்க வைத்தவள்

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது, குழல்வாய்மொழிக்கு அவள் பெயரே சிபாரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். குற்றாலத்து அம்மன் பெயர், குழல் போல இனிமையாகப் பேசுகிறவள் என்று அர்த்தம். ஆனால் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து அவள் சொன்னதெல்லாம் "நம்பர் ப்ளீஸ்", "லைன் எங்கேஜ்டு", "பேசுங்க", "மூணு நிமிஷம் ஆயிருச்சு" ஆகிய நான்கும்தான். வீட்டுக்கு வந்தால் அவையும் இல்லை. வீட்டில் பேசுகிற வேலையை அவள் கணவர் நம்பிராஜன் பார்த்துக்கொண்டார்.

நம்பிராஜன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். இங்கிலீஷ் ஹையர் வரைக்கும் சொல்லிக்கொடுப்பார். குடியிருந்தது குத்துக்கல்வலசையில். அப்போது அங்கே வீடுகள் குறைவு, கிழக்கே மறைக்க ஒன்றும் கிடையாது. எண்பத்து நாலில் அவர் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி, மொட்டைமாடியில் போர்வெல் பைப் மாதிரி உயரமாக ஒரு கம்பியை நட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, உச்சியில் ஆண்டெனாவை வைத்தார். திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம். அது வரவில்லை. இலங்கை கடலுக்கு அந்தப் பக்கம். அது வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இலங்கை டிவியில் ஓர் இங்கிலீஷ் தொடர் போட்டார்கள். ஆகாயத்தில் போகிற கப்பல், அதற்கு டோரன் என்று ஒரு கேப்டன், வாராவாரம் ஒரு கிரகம். தொடரின் பெயர் நீளமானது. அதனால் எல்லோரும் 'கப்பல்' என்றே சொன்னார்கள். பார்க்க வந்தவர்களில் நிரந்தரமானவர்கள் மூன்று பேர். ஜவுளிக்கடை மசூது, தலைமைக் காவலர் நல்லக்கண்ணு, எதிர்வீட்டுத் தங்கத்தாய். தங்கத்தாயின் வீட்டுக்காரர் பட்டாளத்தில், அஸ்ஸாமில் இருந்தார். நம்பிராஜன் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வார். வசனம் ஒரு வரி என்றால் அவர் மூன்று வரி சொல்வார்.

குழல்வாய்மொழி ஒரு நாள்கூடக் கப்பலைப் பார்த்ததில்லை. அவளுக்கு மத்தியானம் தொடங்கி ராத்திரி ஒன்பது மணி வரை டூட்டி. வீட்டுக்கு வரும்போது படம் முடிந்து அபிப்பிராயம் நடந்துகொண்டிருக்கும். கேப்டன் அந்தக் கிரகத்துப் பச்சை மூஞ்சிக்காரர்களை நம்பியிருக்கக் கூடாது என்பார் நல்லக்கண்ணு. கேப்டனுக்கு எல்லாம் தெரியும் என்பார் மசூது. அவள் சாப்பாட்டுத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்று கேட்பாள். கதையைப் பார்க்காமலே, கதையைப் பற்றி நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுக்கு முழுசாகத் தெரிந்திருந்தது.

எண்பத்தைந்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. எக்ஸ்சேஞ்சில் டூட்டி மாற்றிப் போட்டார்கள். குழல்வாய்மொழிக்குக் காலை ஷிப்ட் வந்தது. அதே மாதம் கப்பல் முடிந்து, கப்பலில் இருந்து கிளைபிரிந்த புதுத் தொடர் ஒன்று தொடங்கியது.

கப்பலில் மேரா என்று ஒரு பெண் உண்டு. மூலையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். "லைன் கிடைச்சிருக்கு கேப்டன்" என்பதுதான் அவள் வசனம். புதுத் தொடர் அவளைப் பற்றியது. அவளைக் கப்பலில் இருந்து இறக்கி, ஏதோ ஒரு நிலாவில் இருக்கும் ஒரு ஸ்டேஷனில் போட்டுவிட்டார்கள். போகிற வருகிற கப்பல்களுக்கெல்லாம் அங்கிருந்து லைன் கொடுக்க வேண்டும். துணைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒரு பையன். அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். குழல்வாய்மொழியும் முதல்முறையாகப் பாயில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் அபிப்பிராயம் தொடங்கியது.

"துப்பாக்கியே இல்ல" என்றார் நல்லக்கண்ணு.

"கேப்டனும் இல்ல" என்றார் மசூது. "ஒரே சட்டை. மொத்தப் படத்துக்கும் ஒரே சட்டை அண்ணாச்சி."

"ஒரு பொம்பள ஒரு ரூமுக்குள்ள ஒக்காந்து ஹலோ ஹலோங்கா. இத எவன் பாப்பான்?" என்றார் நல்லக்கண்ணு.

"அதான் ஏட்டையா நானும் கேக்கேன்" என்றார் நம்பிராஜன். "நாள் முழுக்க லைன் குடுக்கதுல என்ன கதை இருக்கும்?"

குழல்வாய்மொழி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் ஆறு மணியில் இருந்து அவள் லைன் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தங்கத்தாய்க்கு மட்டும் வந்தது. அவள் காப்பியைக் குடித்துக்கொண்டே குழல்வாய்மொழியின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய் ஆண்கள் வரவில்லை. நம்பிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு மசூதின் கடைக்குப் போனார். அங்கே மூன்று பேரும் உட்கார்ந்து கப்பலின் பழைய கதைகளை முதலில் இருந்து பேசினார்கள். இது வாராவாரம் நடந்தது. வாங்க வந்தவர்கள் துணியைத் தாங்களே எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். படம் கலங்கினால் தங்கத்தாய் சேலையைச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறிப் பைப்பைத் திருப்புவாள். "இப்பம்?" என்று மேலிருந்து கத்துவாள். "வந்துட்டு, வந்துட்டு, நில்லு" என்று குழல்வாய்மொழி கீழிருந்து கத்துவாள். வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை, ஆனால் தேவையும் இல்லை. மேரா பேசின இங்கிலீஷ் முழுக்கக் குழல்வாய்மொழியின் இங்கிலீஷ். கோ அஹெட். ப்ளீஸ் ஹோல்டு. டிஸ்கனெக்டட். தங்கத்தாய்க்கு அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் ரசிகை என்று அவளைச் சொல்லிவிட முடியாது. அவளுக்கு நிறையக் குறைகள் இருந்தன.

"ஏட்டி, அங்க லைட்டு எரியுது. எடுக்காம அழுதுகிட்டு இருக்கா பாரு" என்பாள்.

"அவ அம்மா செத்துட்டாங்கல்லாக்கா" என்பாள் தங்கத்தாய்.

"செத்தா? லைன்ல ஒருத்தன் நிக்கானே."

இன்னொரு வாரம், மேரா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினாள். குழல்வாய்மொழி எழுந்து போய் அடுக்களையில் சற்று நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

ஐந்தாறு வாரம் ஆனபின், அந்த வாரக் கதையில் கேப்டன் டோரனே வரப்போகிறார் என்று இலங்கை டிவியில் முன்னோட்டம் காட்டினார்கள். செய்தி மசூதின் கடைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஆண்கள் மூவரும் நேரத்துக்கு முன்பே வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நம்பிராஜன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கேப்டன் வந்தார். அவர் கப்பல் வழி தவறி நின்றது. தலைமையகத்தோடு உடனே பேச வேண்டும் என்று மேராவிடம் லைன் கேட்டார். அதே சமயம் சரக்குக் கப்பல் ஒன்றில் இருந்தும் அழைப்பு. உள்ளே காய்ச்சல்காரர்கள், டாக்டர் வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு லைன். மேரா கேப்டனிடம் "ப்ளீஸ் ஹோல்டு" என்று சொல்லிவிட்டுச் சரக்குக் கப்பலுக்கு லைனைக் கொடுத்தாள். கேப்டன் காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். அவர் மூஞ்சியைத்தான் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நல்லக்கண்ணு எழுந்தே விட்டார். "கேப்டனையா நிக்கச் சொல்லுதா?"

"இத்தன வருசம் அவர் உப்பத் தின்னுபோட்டு!" என்றார் மசூது.

"கதை எழுதுனவனுக்குக் கிறுக்கு" என்றார் நம்பிராஜன். "கேப்டன்னா யாரு, அவருக்கு என்ன மதிப்பு, ஒண்ணும் தெரியாதவன் எழுதியிருக்கான்."

"அவ செஞ்சதுதான் சரி" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். குழல்வாய்மொழி பாயில் இருந்தபடியே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்ன?" என்றார் நம்பிராஜன்.

"கேப்டன் கேட்டது ஆர்டினரி. காச்சக்காரன் கேட்டது லைட்னிங், உசிரு போற அவசரம். லைட்னிங்தான் முதல்ல போகும்."

"ஏட்டி, அவரு கேப்டன்!"

"யாரா இருந்தா என்ன? தாசில்தார் ஒரு நா மெட்ராசுக்குக் கேட்டாரு. கடையநல்லூர்ல ஒரு பிரசவக் கேசு குறுக்க வந்துது. தாசில்தார நிப்பாட்டித்தான் போட்டேன். அவரு என்ன, நின்னாரு. இவரு எதுக்கு இம்புட்டு மொறைக்காரு?"

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு இதுதான். நம்பிராஜன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "தமிழ் தெரியாதவன்லாம் எழுதினா இப்படித்தான்" என்றார், இங்கிலீஷ்காரனைப் பற்றி. மசூது செருப்பைத் தேடினார். நல்லக்கண்ணு போகும்போது "வாரேன் தாயி" என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார்.

அதன்பின் வீட்டில் இரண்டு மூன்று வாரம் பேச்சு குறைந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நம்பிராஜன் சாம்பார் வேண்டும் என்றால் சாம்பார் சட்டியைப் பார்ப்பார். அவளும் ஊற்றுவாள். கோபம் அவளுக்கு இல்லை. அபிப்பிராயம் சொன்னால் வீடு இவ்வளவு அமைதியாகும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஐப்பசி கடைசியில் மலையில் விடாமல் மழை பெய்தது. ஸ்டேஷன் தொடரின் கடைசிக் கதை வருகிற செவ்வாயன்று காலையில் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கடைவீதிக்கு வந்துவிட்டது. லாட்ஜுகளின் கீழ்த்தளத்தில் தண்ணீர். செங்கோட்டையில் இருந்து வர வேண்டிய மாற்று ஆப்பரேட்டருக்கு பஸ் இல்லை. குழல்வாய்மொழி ஷிப்ட் முடிந்தும் போர்டை விட்டு எழவில்லை. போர்டில் குற்றாலத்துப் பக்கம் எல்லா லைட்டும் எரிந்தது. மதுரையில் இருந்தும் மெட்ராசில் இருந்தும் குளிக்க வந்தவர்களின் வீட்டார் கேட்டார்கள். லாட்ஜுக்காரர்கள் தீயணைப்பைக் கேட்டார்கள். சாயங்காலம் குற்றாலம் போலீஸ் அவுட்போஸ்டில் இருந்து ஒரு கால் வந்தது. பந்தோபஸ்துக்குப் போயிருந்த நல்லக்கண்ணு.

"தாயி, தென்காசி ஸ்டேஷன் குடு. இங்க கயிறு வேணும்."

"இந்தா போடுதேன் ஏட்டையா." போட்டுவிட்டு, அவர் பேசி முடித்தபின் மறுபடி லைனில் வந்தாள். "ஏட்டையா, ஸ்டேஷன்ல யாராச்சும் குத்துக்கல்வலசைப் பக்கம் போனா, எங்க வீட்ல நான் வரத் தாமசமாகும்னு சொல்லச் சொல்லுங்க. அப்புறம்..."

"சொல்லு."

"இன்னைக்குக் கடைசிக் கதை. அவுகளப் பாத்து வைக்கச் சொல்லுங்க."

"சரி, சொல்லுதேன்" என்றார் நல்லக்கண்ணு.

மறுநாள் விடிந்தபின் அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தாள். நம்பிராஜன் முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். தும்மினார். படம் கலங்கிக்கொண்டே இருந்ததால் தங்கத்தாய் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவளுக்குக் குடை பிடிக்க மசூது போனாராம். குடை பறந்ததும் இவர் போனாராம். மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள்.

"தலையத் தொவட்டு மொதல்ல" என்று துண்டைக் கொடுத்தார். பிறகு கதையைச் சொன்னார். மேராவைத் திரும்பக் கூட்டிப்போகக் கேப்டனின் கப்பல் வந்தது. அவளுக்குப் பதிலாக ஒருத்தன் வந்து இறங்கினான். அவனுக்கு அவள் போர்டைக் காட்டிக் கொடுத்தாள்.

"வேகமாக் காட்டுனாளா, நிதானமாவா?"

"நிதானமாத்தான். கதை எழுதுனவன் வலவலன்னு இழுத்துட்டான், அது ஒரு குறை. பெட்டியெல்லாம் எடுத்துட்டா. வாசல் வரைக்கும் போயிட்டா. அப்பம் ஒரு லைட்டு எரிஞ்சுது."

"எடுத்தாளா?"

"புது ஆளு எடுக்கத் தெரியாம முழிச்சான். இவ வந்து எடுத்தா. கப்பல் போயிருச்சு. இவ போகல."

"ஏன் போகலயாம்?"

"கேப்டன் அதத்தான் கேட்டாரு. இவ ஏதோ சொன்னா." நம்பிராஜன் தும்மினார். "மழைல சத்தம் வரல. கொர்ருன்னுச்சு. படம் முடிஞ்சுபோச்சு."

குழல்வாய்மொழி துண்டோடு உட்கார்ந்துவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "நீங்க என்ன நெனைக்கிய?" என்று கேட்டாள்.

அவரிடம் அவள் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல்முறை. இதுவரை கேட்காமலே சொல்லிவந்தார். "எனக்குத் தெரியல" என்றார் நம்பிராஜன்.

மேரா என்ன சொன்னாள் என்பது தென்காசியில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஸ்டேஷன் தொடர் பிடிக்காதவர்கள் அதைப் பற்றி வருஷக்கணக்கில் பேசினார்கள். சம்பளம் கூட்டியிருப்பார்கள் என்றார் மசூது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மேல் ஒரு கண் என்றார் நல்லக்கண்ணு. ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்து ஆகியிருக்காது என்றார் நம்பிராஜன். புது ஆளுக்கு வேலை தெரியவில்லை, அதுதான் காரணம் என்றாள் குழல்வாய்மொழி. இப்போது இந்தப் பேச்சு அவள் வீட்டில் நடந்தது. அவளும் பாயில் உட்கார்ந்துதான் பேசினாள். காப்பியை முறைவைத்துப் போட்டார்கள். மசூது போட்ட காப்பி நன்றாகவே இருந்தது.

எண்பத்தேழில் சிவயோகம் என்ற பெண் நம்பிராஜனின் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து படகில் வந்து, ஆய்க்குடியில் உறவுக்காரர் வீட்டில் இருந்தாள். இலங்கைப் பெண் என்றதும் நம்பிராஜனுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அந்தக் கடைசிக் கதையில் மேரா என்ன சொன்னாள் என்று கேட்டார்கள்.

"தெரியாது" என்றாள் சிவயோகம். "அப்ப எங்கட ஊரில கரண்ட் இல்லை. வீட்டில டிவி இருந்தது. பிறகு வீடும் இல்லை."

நல்லக்கண்ணு மீசையைத் தடவினார். குழல்வாய்மொழி எழுந்து போய் இன்னொரு தட்டில் பழம் நறுக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"அது என்ன கதை?" என்று சிவயோகம் கேட்டாள்.

கப்பலில் இருந்து தொடங்கினார்கள். நம்பிராஜன் கொஞ்சம், நல்லக்கண்ணு கொஞ்சம். ஸ்டேஷன் வந்ததும் குழல்வாய்மொழி சொன்னாள், தங்கத்தாய் விட்டதை எடுத்துக் கொடுத்தாள். மசூது தந்தி அடிப்பது மாதிரி விரலால் தரையில் தட்டிச் சத்தம் கொடுத்தார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் போயிற்று. சிவயோகம் முழுக்கக் கேட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள்.

"கப்பலா, ஸ்டேஷனா, எது நல்லா இருக்கு?" என்றார் நம்பிராஜன்.

அவள் யோசித்தாள். "கப்பல்தான் நல்லது" என்றாள். "ஒவ்வொரு கிழமையும் எங்கேயோ போய்ச் சேருது."

நம்பிராஜனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். குழல்வாய்மொழி மறுக்கவில்லை. "அது அவ அபிப்பிராயம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை ஆய்க்குடி பஸ்ஸில் ஏற்றிவிடச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.