வலிக்காத இடம்

சென்ற ஞாயிறு மகள் உயிரியல் பாடத்துக்கு நரம்புக்கலத்தின் படம் வரைந்துகொண்டிருந்தாள். கலவுடல், வேர்போலக் கிளைகள், ஒரு பக்கம் நீண்ட வால், அதைச் சுற்றி உறை. "அம்மா, உறையில இருக்கிற சுவான் கலம் எதுக்கு?" என்றாள். பதுளையில் மருந்து விற்கும் பாமசி நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? செய்தி வேகமாக ஓட, வாலைச் சுற்றிப் பொதிந்து காக்கிற கலம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் அழிறப்பர் வாசனையோடு பண்டாரவளைப் பள்ளிக்கூடம் நினைவில் வந்துவிட்டது.

பூனாகலையில் அப்பா தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர், எங்களுக்குக் குவாட்டர்ஸ். தொழிலாளர் லயத்திலிருந்து வந்த இந்திராவும் நானும் வகுப்பில் உட்காருவது ஒரே வாங்கு. அவளுடைய இடது முன்கையில் வெளிறிய திட்டொன்று இருந்தது. அங்கே தொட்டால் தெரியாது என்று அவளே ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. நான் வட்டம் போடும் கவராய முனையால் குத்திப் பார்த்தேன். "வலிக்கலடி" என்றாள்.

அதன்பிறகு இடைவேளைதோறும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். கண்ணைக் கட்டிவிட்டுக் குத்துவோம். எத்தனை குத்து என்று அவள் சொல்ல வேண்டும். ஒருதடவையும் சரியாகச் சொன்னதில்லை. ரத்தம் வந்தால் நானே கைக்குட்டையால் துடைப்பேன், அவ்வளவு நல்லவள். அவளும் சிரிப்பாள். எங்களோடு சேர அவளுக்கு வேறு வழியில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நரம்பிழையம் படிப்பித்த அன்று, செய்தி கொண்டுபோகும் கலங்களும் அவற்றைப் போஷிக்கும் கலங்களும் வேறு வேறு என்று விஞ்ஞான சேர் கரும்பலகையில் வரைந்தார். நான் எழும்பி, "சேர், இந்திராவுக்குக் கையில நரம்பே இல்ல" என்றேன்.

"மொதல்ல மூளை இருக்கான்னு பாருங்க" என்றார் சேர். வகுப்பு சிரித்தது. அவள் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். சேர் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை.

ஒரு வருஷத்துக்குள் அவளுடைய இரண்டு விரல்கள் மடங்கின. அப்புறம்தான் வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தொழுநோய். அந்தக் கிருமி குடியேறுவது சுவான் கலத்தில்தான். திட்டு தெரிந்தபோதே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும், இனி விரல் நிமிராது என்றாராம் டொக்டர். மருந்து தொடங்கிவிட்டதால் யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னாராம். தோட்டத்தில் யார் கேட்டார்கள்?

ஒரு பின்னேரம், பார்த்தெழுத வாங்கியிருந்த என் விஞ்ஞானக் கொப்பியைத் திருப்பித்தர வாசலுக்கு வந்தாள்.

"கீழ வச்சிட்டுப் போம்மா" என்றார் அம்மா.

நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன். இந்திரா என்னைக் கண்டுவிட்டாள். "பரீட்சைக்குப் படிச்சிட்டியா?" என்று கேட்டாள். நான் திரையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் போனதும் அம்மா கொப்பியை விறகுக் குச்சியால் தள்ளிக்கொண்டுபோய் எரித்தார். படமெல்லாம் மறுபடி வரைய வேண்டுமே என்பதுதான் என் கவலை. இந்திரா அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை.

போன வருஷம் பூனாகலைக்குப் போயிருந்தேன். அந்த லயத்தை இடித்துவிட்டுத் தேயிலை நட்டிருக்கிறார்கள். இந்திராவின் குடும்பத்தை விசாரித்தேன். கொழும்பு என்றார் ஒருவர், வெலிமடை என்றார் இன்னொருவர். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் யோசித்துப் பார்த்தார்.

"எந்த இந்திரா? அந்த நோய்க்காரப் புள்ளையா?"

"ஆமாங்க" என்றேன்.