பறவைப் படம் உள்ள யாவும்

பெயர், முத்திரை, கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைக்காக மட்டும் வழக்காடும் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றில், சென்னையில், வேலை பார்க்கிறேன். திண்டிவனத்தில் யாராவது அப்பாவிடம் "பையன் இன்னா கேஸு பாக்குறாரு?" என்று கேட்டால், "பேரு கேஸு" என்று சொல்லிவிட்டு அவரே முழிப்பார். அந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கட்சிக்காரர் ஒரு சமையல் எண்ணெய் கம்பெனி. அவர்களுடைய முத்திரை ஒரு பறவை. எந்தப் பறவை என்று சொல்லமாட்டேன். விழுப்புரத்தில், காணை போகிற ரோட்டில், ஒரு சின்ன எண்ணெய் மில்லும் அதே பறவையைப் பாட்டிலில் ஒட்டி விற்கிறது என்று புகார். இந்த மாதிரி வழக்குகளில் முதலில் யாராவது சாதாரண வாடிக்கையாளர் போலப் போய்ப் பொருளை வாங்கி, பில்லும் வாங்கிவர வேண்டும். அந்த பில்தான் சாட்சி. "நீங்க அந்தப் பக்கம்தானே? உங்க பேச்சக் கேட்டா சந்தேகம் வராது" என்றார் சீனியர் மேடம். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. மடையன்.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட செயின். "அக்கா, மல்லாட்டை எண்ணெய் ஒரு லிட்டர் குடுங்க" என்றேன். கடலை எண்ணெய் என்றே சொல்லிப் பழகிவிட்ட வாய், அன்று வேண்டுமென்றே ஊர்ப் பேச்சைப் பேசியது.

"எந்த ஊரு தம்பி?"

"திண்டிவனம்க்கா."

அவ்வளவுதான், உட்கார ஸ்டூல் வந்தது. "நமக்குள்ள பில்லு எதுக்குப்பா?" என்று சிரித்தார். வீட்டில் கேட்பார்கள் என்று புளுகினேன். எழுதிக் கொடுத்தார்.

"இந்தப் பறவைப் படம் எத்தினி வருஷமாக்கா?" என்று அடுத்ததாகக் கேட்டேன். சீனியர் கேட்டு வரச் சொன்ன கேள்வி அது. அக்கா சுவரில் இருந்த பழைய காலண்டர் அட்டை ஒன்றைக் கழற்றி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். மில் தொடங்கிய வருஷம் வாடிக்கையாளர்களுக்காக அடித்தது. மாதா படம், கீழே மில்லின் பெயர், அந்தப் பறவை, வருஷம். "எல்லாரும் வருஷம் முடிஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்க. இந்த ஒண்ணத்தான் நான் வெச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

வருஷத்தைப் பார்த்ததும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் கட்சிக்காரர் கம்பெனி ஆரம்பித்ததே அதற்கு ஆறு வருஷம் கழித்துத்தான். முத்திரையை யார் பதிவு செய்திருந்தாலும் சரி, அதற்கு முன்பிருந்தே வைத்திருப்பவரை நிறுத்தச் சொல்ல முடியாது. அந்த அட்டை கோர்ட்டுக்குப் போனால் அக்கா ஜெயிப்பார். வேறு பழைய பில், காகிதம் எதுவும் இல்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

சீனியரிடம் சொன்னேன். "அவங்ககிட்ட இருந்தா அவங்க கொண்டு வரட்டும். நீங்க எண்ணெய் வாங்கத்தானே போனீங்க?" என்றார். தலையாட்டினேன். "இந்த முத்திரையைச் சமீபத்தில்தான் நேர்மையின்றி எடுத்துக்கொண்டார்கள்" என்ற வரியை மனுவில் டைப் செய்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைத்தது. பறவைப் படம் உள்ள யாவற்றையும் கைப்பற்றி, சீல் வைத்து, எங்கள் கட்சிக்காரர் பொறுப்பில் விடச் சொல்லி, கோர்ட் ஒரு வக்கீலை, போலீஸ் துணையோடு, ஆணையராக அனுப்பியது. கடையை அடையாளம் காட்ட நான் கூடப் போனேன், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு.

போலீஸைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்த அக்காவுக்கு என்னைக் கண்டதும் உயிர் வந்தது. "தம்பி! நீ வக்கீலா? அப்பாடா, மாதாதான் அனுப்பிச்சிருக்காங்க. இன்னா பேஜாரு பாருப்பா இது!" உள்பக்கம் திரும்பி, "என்னாங்க, நம்ம திண்டிவனத்துத் தம்பி வக்கீலாம். வந்துட்டாரு, பயப்படாதீங்க" என்று கணவருக்குக் குரல் கொடுத்தார். நான் யார் தரப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, ஆணையருக்கு உள்ளே போக வழிவிட்டேன்.

ஸ்டிக்கர், பாட்டில், பில் புத்தகம் எல்லாம் சாக்கு மூட்டையில் போயின. கடைசியாக ஆணையர் அந்தக் காலண்டர் அட்டையில் கை வைத்தார்.

"சார், அது சரக்கு இல்லீங்க" என்று அக்கா குறுக்கே வந்தார். "தம்பியக் கேளுங்க, அவரு பாத்துருக்காரு."

ஆணையர் என்னைப் பார்த்தார். அது பழைய வருஷத்து அட்டை, விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "படம் உள்ள யாவும்னுதான் சார் ஆர்டர்" என்றேன். அட்டையும் மூட்டைக்குள் போயிற்று. த்தூ, நானும் ஒரு மனிதன்.

ஆணையர் பட்டியலை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா அதை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீ படிச்சுப் பாருப்பா. நீ போடச் சொன்னா போடறேன்."

கடைசி வரியில், பழைய காலண்டர் அட்டை ஒன்று என்று இருந்தது. எந்த வருஷம் என்று எழுதவில்லை; மூட்டை போவதோ எங்கள் கட்சிக்காரர் கிடங்குக்கு.

"போடுங்கக்கா" என்றேன்.