மிச்சம் வந்த மூடி

முட்டியம்மா என்றால் அந்தக் கண்காட்சி அரங்கில் தெரியாத ஆளே கிடையாது. என் ஓரகத்திதான், வேலையிலும் எனக்குக் கூட்டாளி. காலமெல்லாம் மண்டி போட்டுத் தரைக்குக் கம்பளம் ஒட்டி, இரண்டு முட்டியும் செருப்புத் தோல் மாதிரி காய்த்துப்போனவள். புருஷன் போன பிறகு அந்த முட்டியை நம்பித்தான் மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள்.

அந்த மகளுக்கு அன்றைக்கு அதே அரங்கில் முதல் வேலை. ஒரு ஸ்டால் வாசலில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்க வேண்டும். "ஸ்டால்காரங்க முன்னாடி என்கிட்ட வந்து பேசிடாதம்மா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளோ, "சின்னப் பொண்ணு, கூச்சமா இருக்கும், விடு" என்றாள். என்னத்தைச் சொல்ல!

அரங்கின் தரையில் அங்கங்கே கரண்டு ஒயர் போகும் குழிகள் உண்டு. மேலே இரும்பு மூடி. எலக்ட்ரீஷியன்கள் கழற்றி வைத்த மூடியை, பசை பிடிக்கும்வரை கம்பளத்தின் ஓரத்தில் பாரமாக வைப்போம். கூடாதுதான். கைக்கு எட்டும் கனமான சாமான் வேறு ஏது? குழியை மூடிவிட்டுத்தான் அதன்மேல் விரிப்போம்.

கதவு திறக்கும் நேரம் சாமான்களைக் கட்டினோம். சுவரோரம் ஒரு மூடி மிச்சம் கிடந்தது.

முட்டியம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவ்வளவு பெரிய அரங்கில், கம்பளத்துக்கு அடியில் எங்கோ ஒரு குழி திறந்து கிடக்கிறது. உள்ளே கரண்டு. சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், கொஞ்ச நேரம் கதவத் தொறக்காதீங்க. கால வச்சா ஆள் உள்ள போயிடும்."

"விளையாடுறியா? வெளிய கூட்டம் நிக்குது. சீக்கிரம் தேடித் தொலை!" என்றான் அந்தப் பாவி.

சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே இருவரும் வரிசை வரிசையாகப் போனோம். கதவு திறந்தது. ஜனம் திபுதிபுவென்று உள்ளே வந்தது.

முட்டியம்மா சட்டென்று நின்றாள். எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் காலை இறக்கப் போகும் இடத்தில் கம்பளம் லேசாக உள்வாங்கியிருந்தது. அம்மா பேச வருகிறாள் என்று நினைத்தோ என்னவோ, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள்.

"மேடம்! அப்படியே உக்காருங்க மேடம். கால கீழ வைக்காதீங்க."

பெற்ற அம்மா மேடம் என்றதில் பெண் மிரண்டுபோய் அப்படியே உறைந்தாள்.

"இந்தப் பக்கம் யாரும் வராதீங்க, சொன்னா கேளுங்க!" என்று கையை விரித்துக் கூட்டத்தை நான் மறித்தேன். முட்டியம்மா சுற்றிக்கொண்டு, மண்டி போட்டுத் தட்டித் தட்டி, நாற்காலியின் பின்னால் போய் எழுந்தாள். மகளை அக்குளில் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்தாள். நாற்காலி முன்னால் சாய்ந்தது. கம்பளம் பிய்ந்து, நாற்காலியின் கால் குழிக்குள் இறங்கியது. உள்ளே 'பட்'டென்று பொறி பறந்தது.

ஸ்டால் மேனேஜர் ஓடிவந்தார். "யாரும்மா நீ? இங்க என்ன பண்ற?"

"கம்பளம் ஒட்டுறவ சார். மேடம் விழப் பாத்தாங்க, அதான்." அப்போதும் காட்டிக்கொள்ளவில்லை, அந்தக் கல்நெஞ்சுக்காரி.

மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்: "எங்கம்மா சார்! இது எங்கம்மா!"

"கத்தாதடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றாள், கழுத்தை விடாமல்.